தவிலுக்குப் பின் மிச்சமிருந்த நாடா

மேலக்கொத்தூர்
18-6-1972

அன்புத் தம்பி இராஜாங்கத்துக்கு அக்கா தங்கம்மாள் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் வயிற்றுவலி எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மறைக்காமல் எழுது.

அப்பாவின் முப்பதாம் நாள் படையல் முடிந்து நீ பஸ் ஏறிய பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. காலையில் தரங்கம்பாடிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது "வர்றேம்ப்பா" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சி ஜெயிலுக்குப் போய் உன் மாமாவைப் பார்த்தேன். இளைத்துவிட்டார். வழக்கு ஐப்பசியில் நாகப்பட்டினம் கோர்ட்டுக்கு வருமாம். மிராசுதாரின் வைக்கோல் போரைக் கொளுத்திக் காவல்காரரையும் சாகடித்தவர் என்று அவரைக் கூண்டில் நிறுத்தப் போகிறார்கள். கூலி கேட்ட சங்கத்துக்குச் செயலாளராக இருந்ததைத் தவிர அந்த மனுஷன் என்ன செய்தார்? வைத்தியலிங்கம் வக்கீல், "சாட்சி இல்லாம உங்க வீட்டுக்காரர் வீரையனைக் காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம்மா" என்கிறார். தூக்குகூட ஆகலாம் என்று இந்த முறைதான் வாய்விட்டுச் சொன்னார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று உன் மாமா கேட்டது ஒன்றுதான். "அந்தச் செல்லதுரைப் பய இன்னும் ஊர்லதான் இருக்கானா?" செல்லதுரை வீட்டு மாட்டுக்கொட்டகைப் பரணில் அவர் போன வருஷம் பதினோரு நாள் ஒளிந்திருந்தார் அல்லவா. போலீஸ் நேராக அந்தப் பரணுக்கே வந்ததால், இடம் கொடுத்தவனே காட்டியும் கொடுத்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அவன் வீட்டாரை யாரும் நடவுக்குக் கூப்பிடுவதில்லை, நெருப்புக்கூடக் கொடுப்பதில்லை. "இருக்காரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதில் போடு. சோம்பேறித்தனம் வேண்டாம்.

உன் அக்கா,
தங்கம்மாள்


கும்பகோணம்
2-7-1972

அக்காவுக்கு இராஜாங்கம் வணக்கம். வயிற்றுவலி முதலாளி வீட்டம்மா கொடுத்த ஓமத் தண்ணீரில் அடங்கிவிட்டது. நீ ராத்திரி பட்டினி படுக்காதே.

உன்னைத் திடுக்கிட வைக்கிற மாதிரி ஒரு சேதி. நம் ஊர் மிராசுதாரின் பாட்டுப் பெட்டி எங்கள் ரேடியோ ரிப்பேர் கடையில் என் மேசையில் கிடக்கிறது! போன வாரம் கணக்குப்பிள்ளை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன், அவர் பார்க்கவில்லை. யார் வேலை பார்ப்பது என்று அவர் கேட்கவில்லை, முதலாளி ஹபீப் முகம்மதும் சொல்லவில்லை.

பெட்டியைப் பார்த்தால் சிரிப்பாய். சிங்கப்பூர் டேப் ரிக்கார்டர், வால்வு ஆம்ப்ளிபயர், இத்தனை பெரிய ஸ்பீக்கர், மூன்றையும் ஒரே தேக்கு பீரோவுக்குள் வைத்து ஆசாரியை விட்டு அசையாமல் முடுக்கியிருக்கிறார்கள். ஆடினால் கௌரவக் குறைச்சலாம். மகள் கல்யாணத்தில் பதிந்த நாகஸ்வரக் கச்சேரி ரீலையும் கொடுத்துவிட்டிருக்கிறார். "தவில் வந்தா தகரத்தை அடிக்கிற மாதிரி இருக்கு, பேச்சைப் பதிஞ்சா தவளை கத்துது. சரி பண்ணுங்க" என்பது உத்தரவு.

முதலில் கோபம் வந்தது. மாமாவை உள்ளே தள்ளியவன் கேட்பதற்கு நான் ஏன் சுத்தம் பண்ண வேண்டும்? பிறகு, பெட்டி என்ன பாவம் செய்தது என்று திறந்தேன். ஒழுகிய கண்டென்சர் இரண்டை மாற்றினேன். பாதி இரைச்சல் போயிற்று. டிரான்ஸ்பார்மர் தகடுகள் தளர்ந்து கிடந்தன. இறுக்கி வார்னிஷ் விட்டேன், உறுமலும் குறைந்தது. ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும், தவிலின் அடி விழுந்ததும் ஊளையிடுகிறது. வால்வை மாற்றிப் பார்த்தும் பிரயோஜனமில்லை. மானம் போகிறது.

தம்பி,
இராஜாங்கம்


மேலக்கொத்தூர்
10-7-1972

தம்பிக்கு அக்கா எழுதுவது. சுகமாக இருக்கிறேன், பட்டினி படுக்கவில்லை, சத்தியம்.

அவன் பெட்டி உன் மேசையில் என்று படித்ததும் எனக்கும் கோபம் வந்தது உண்மைதான். ஆனாலும் வேலை என்று வந்தால் வேலை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வருஷாவருஷம் காட்டுகிற ஒன்று உனக்கு மறந்துவிட்டது. இசைக்கவையைத் தட்டிக் கையில் பிடித்தால் முதல் பெஞ்சுக்கே சரியாகக் கேட்காது. அதன் காலை மேசைமேல் ஊன்றினால் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும். கவையின் நடுக்கம் மேசைக்குப் போய், மேசையே பாட ஆரம்பிக்கிறது.

உன் ஸ்பீக்கர் அதிர்ந்தால் பீரோ அதிரும். பீரோ அதிர்ந்தால் அதில் இறுக்கிய ஆம்ப்ளிபயரும் அதிரும். அந்த அதிர்வை உன் வால்வு ஒரு சத்தம் என்று எடுத்துக்கொண்டு திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்பாதா? கேள்விதான் கேட்கிறேன், மெக்கானிக் நீ. வால்வை விட்டுவிட்டு முதலில் மூன்றையும் பிரித்து வைத்துப் பார்.

அக்கா


கும்பகோணம்
17-7-1972

டீச்சரம்மா அவர்களுக்கு அடியேன் நமஸ்காரம்! வயிறும் மனசும் நன்றாக இருக்கின்றன. உன் உடம்பைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுது.

நீ சொன்னதேதான். முடுக்கிய ஆணியையெல்லாம் கழற்றினேன். ஸ்பீக்கரைத் தனிப் பெட்டியாக்கித் தரையில் வைத்தேன். ஆம்ப்ளிபயரின் நாலு மூலைக்கும் பழைய சைக்கிள் டியூபை மடித்துக் கால் கொடுத்தேன். முன்வரிசை வால்வின் தாங்கியை மட்டும் பிரித்து ரப்பர் வளையத்தில் தொங்கவிட்டேன். பிறகு ரீலைப் போட்டால், அக்கா, தனி ஆவர்த்தனத்தில் தவிலின் இரண்டு முகமும், தொப்பி தனியாக வலந்தலை தனியாக விழுகிறது! முதலாளி தொழுகைக்குக் கிளம்பியவர் செருப்போடு அப்படியே நின்றுவிட்டார்.

கச்சேரி முடிந்தும் ரீலில் கொஞ்சம் நாடா மிச்சம் இருக்கிறது. பழைய பதிவின் மேலேயே கச்சேரியைப் பதிந்திருக்கிறார்கள் போல. முன்பு போட்டபோது அந்த இடத்தில் வெறும் தவளைச் சத்தம்தான். இப்போது ஆள் பேச்சு என்று தெரிகிறது. கரண்ட் போய்விட்டதால் நாளைக்குக் கேட்பேன். மிராசுதார் தனியாக இருக்கும்போது என்ன பேசுவார் என்று தெரிந்துகொண்டு உனக்கு எழுதுகிறேன், சிரிக்கலாம்.

இராஜாங்கம்


மேலக்கொத்தூர்
20-8-1972

தம்பி இராஜாங்கத்துக்கு. நான் நலம் என்று எழுதினால் அது பொய்யாகும். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. ஆடிப் பெருக்குக்கும் நீ வரவில்லை. வயிற்றுவலி அதிகமாகிவிட்டதா? முதலாளியோடு சண்டையா?

ஆற்றில் தண்ணீர் வந்து நடவு முடிந்துவிட்டது. செல்லதுரை வீட்டை இந்த வருஷமும் யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை. வழக்குக்கு நாள் நெருங்குகிறது. எனக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? ஒரு கார்டாவது போடு.

அக்கா


கும்பகோணம்
29-8-1972

அக்காவுக்கு. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலை அதிகம். மிராசுதார் பெட்டியை ஒப்படைத்தாகிவிட்டது.

செல்லதுரை அண்ணனை வழியில் பார்த்தால் ஒரு வார்த்தை பேசு.

இராஜாங்கம்


மேலக்கொத்தூர்
3-9-1972

தம்பிக்கு. உன் கார்டைப் பத்து தடவை படித்துவிட்டேன். நாலு வரியில் ஒரு வரி செல்லதுரைக்கு.

நாடாவில் என்ன கேட்டாய்? யார் பேசினார்கள்? ஒன்றையும் விடாமல் எழுது. எனக்காக எதையும் மறைக்காதே, இராஜாங்கம். எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் எழுது.

அக்கா


கும்பகோணம்
10-9-1972

அக்காவுக்கு. நீ தைரியமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து படி.

மறுநாள் கரண்ட் வந்ததும் ரீலைப் போட்டேன். முதலில் கேட்ட குரல் நம் அப்பாவுடையது. பேச்சுக்கு நடுவில் தொண்டையைச் செருமுவாரே, அதுகூடத் தெளிவாக விழுந்தது. செத்து இரண்டு மாதமான அப்பா என் மேசையில் பேசினார், அக்கா. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகுதான் என்ன பேசுகிறார் என்று காதில் ஏறியது.

"மருமவன் செல்லதுரை கொட்டாய்ப் பரண்லதாங்க இருக்கான். செல்லதுரைக்கு நான் சொல்றது தெரியாதுங்க. ஆளை அடிக்கக் கூடாதுங்க. போலீஸ்காரங்க கையில ஒப்படைக்கணும். ஐயா வாக்குக் கொடுங்க."

அந்த மிராசுதார் சிரிக்கிறான். "இப்புடி மைக்குகிட்ட வந்து இன்னொரு தடவ சொல்லு. நாளைக்கு நீ மாத்திப் பேசக் கூடாது பாரு." அப்பா மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறார். அந்த இரண்டாம் தடவையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதைச் சொல்லிவிட்டு அப்பா அங்கிருந்து போய்விட்டார். மெஷினை நிறுத்த மறந்திருக்கிறார்கள். கணக்குப்பிள்ளை மெதுவாகக் கேட்கிறார், "வைக்கப்போருக்குள்ள காவக்காரன் படுத்திருந்ததைப் பாக்காம நம்ம ஆளு நெருப்பு வச்சுட்டானே, விசாரணை கிசாரணைன்னு வந்தா?" அதற்கு இவன், "அதுக்குத்தான்யா வீரையன் உசுரோட வேணும். கூண்டுல ஒரு ஆளு நின்னா நம்ம பக்கம் யாரும் திரும்ப மாட்டான்." அதோடு நாடா முடிகிறது.

கொளுத்தியது அவன் ஆள். மாமா வெளியே வந்துவிடலாம். ஆனால் காட்டிக் கொடுத்தது நம் அப்பா. இரண்டும் ஒரே நாடாவில்.

ஒரு மாதமாக நான் என்ன செய்தேன் என்று கேட்டாயே. கச்சேரியை மட்டும் புது ரீலில் ஏற்றி, பழையது அறுந்துவிட்டது என்று முதலாளியைச் சொல்லச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். காரணம் கேட்காமல் அவர் சொன்னார். பிறகு அப்பா பேசும் இடத்தை மட்டும் வெட்டிவிடலாம் என்று பிளேடை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். கடைசியில் வைத்தியலிங்கம் வக்கீலிடம் போனேன். "ஒட்டுப் போட்ட நாடாவை ஜட்ஜ் தொடக்கூட மாட்டார். அந்தப் பெரியவர் பேசுற பகுதிதான் இது எந்த நாள் பேச்சுன்னு காட்டுது. அது யார் குரல்னு தெரிஞ்சவங்க ஒருத்தர் கூண்டேறிச் சொல்லணும்" என்கிறார்.

நான் ஏறுகிறேன். ஆனால் மாமாவும் கேட்பார், ஊரும் கேட்கும். அப்பாவுக்குப் பாலும் நெய்யும் ஊற்றி நாலு மாதம் ஆகவில்லை. நீ வேண்டாம் என்றால் இந்த ரீல் இப்படியே காவிரியில் போகும். நீ சொல்.

இராஜாங்கம்


மேலக்கொத்தூர்
14-9-1972

தம்பி,

ரீலைக் காவிரியில் போடாதே. கூண்டில் நீ ஏற வேண்டாம், நான் ஏறுகிறேன்.

அப்பாவை அனுப்பியது நான்.

நீ அப்போது கும்பகோணத்தில் இருந்தாய். இங்கே மிராசுதாரின் ஆட்கள் அரிவாளோடு வீடுவீடாக நுழைந்து தேடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊர்ச் சங்கத்துக்காரர் ஒருவரை வாய்க்காலில் பிணமாக எடுத்த அன்று, செல்லதுரை வீடும் இருக்கிற நம் தெருவுக்கு இன்னும் இரண்டு தெருதான் பாக்கி. போலீஸில் போய்ச் சொல்லலாமே என்பாய். போலீஸ் வருவதற்குள் அவன் ஆட்கள் வந்துவிடுவார்கள். அவன் வாயால் வாக்கு வாங்கினால்தான் உயிர் தங்கும் என்று எனக்குத் தோன்றியது. நாற்பது வருஷம் அவனிடம் பண்ணையாளாக இருந்தவர் கேட்டால் கொடுப்பான் என்றேன். அப்பா முடியாது என்றார். காலில் விழுந்தேன். "நீ சொல்லி நான் போனேன்னு யாருக்கும் தெரிய வேணாம். கேட்டா நானாத்தான் போனேன்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ஜெயில் என்றால் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று கணக்குப் போட்டேன். செத்த காவல்காரரின் பழியும் அவர் தலையில் விழும் என்று தெரியாது. பழி செல்லதுரை வீட்டு வாசலுக்குப் போகும் என்றும் யோசிக்கவில்லை. போன பிறகு வாயைத் திறக்கவில்லை. இதற்கு நான் எந்தச் சாக்கும் சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒன்று கேள். போன வருஷம் செல்லதுரை என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். "எனக்கு எழுதத் தெரியாது டீச்சரம்மா. நான் சொல்லலைன்னு வீரையனுக்கு ஒரு கடுதாசி போடுங்க" என்றான். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். என் கையால்தான் எழுதினேன், தம்பி. உன் மாமா அதைக் கிழித்துப் போட்டாராம்.

சாவதற்கு முந்தின நாள் அப்பா, "செல்லதுரைகிட்ட நான் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார். கேஸ் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

தங்கம்மாள்


கும்பகோணம்
25-9-1972

அக்கா,

உன்னைத் திட்ட எனக்கு வயசு போதாது. என்னைத் தூக்கி வளர்த்தவள் நீ. ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு மூன்று நாள் கடைக்குப் போகவில்லை. அப்பா என்று நினைத்தபோதுகூட எனக்கு இப்படி ஆகவில்லை. அவர் பயந்து போயிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உனக்கு என்ன சொல்லிக்கொள்வது? அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

போன வைகாசியில் அப்பாவைத் தூக்கியபோது செல்லதுரை அண்ணன் சுடுகாட்டு வழியில் தள்ளி நின்று கும்பிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். நீ பார்த்தாய். பார்த்தும் சும்மா இருந்தாய்.

ரீலை வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டேன். ஐப்பசி எட்டாம் தேதி விசாரணை. முதலாளி கடையிலிருந்தே நல்ல ஆம்ப்ளிபயராகக் கொடுக்கிறார். கோர்ட்டில் ஒரு சொல்கூடச் சிதையாமல் கேட்க வைப்பது என் பொறுப்பு. சாப்பிடு.

இராஜாங்கம்


மேலக்கொத்தூர்
12-11-1972

தம்பி இராஜாங்கத்துக்கு அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். உன் வயிற்றைப் பார்த்துக்கொள்.

விசாரணை அன்று நீ பெட்டிக்குப் பின்னால் குனிந்தபடியே இருந்தாய். உன் மாமாவின் முகத்தை நீ பார்த்திருக்க மாட்டாய், நான் பார்த்தேன். அப்பாவின் குரல் வந்ததும் எழுந்து நிற்கப் போனார், போலீஸ்காரர் அமுக்கினார். நான் கூண்டேறி, "இது என் தகப்பனார் குரல், அவரை அனுப்பியது நான்" என்று சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை விடுதலை என்று தீர்ப்பு வந்தது. கணக்குப்பிள்ளையையும் மிராசுதாரையும் விசாரிக்க உத்தரவாம். நீ தந்தி கொடுத்து வருவதாகச் சொன்னாய், நான்தான் வேண்டாம் என்றேன். நாகப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். தரங்கம்பாடியில் இறங்கி ஊர் வரைக்கும் நடந்தோம். நம் வீட்டு வாசல் வந்ததும் நான் நின்றேன், அவர் நிற்கவில்லை. "நீயும் வா" என்று மட்டும் சொன்னார்.

செல்லதுரை வீட்டு வாசலில் போய் நின்று, "செல்லதுரை, நான் வீரையன் வந்திருக்கேன்டா" என்று கூப்பிட்டார். அவன் பெண்சாதி பொன்னுத்தாய்தான் வெளியே வந்தாள். உன் மாமா வேலிக் காலைப் பிடித்துக்கொண்டு குரல் உடைந்து அழுதார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்து நின்றேன். அவள் சத்தமே போடவில்லை.

"எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே டீச்சரம்மா. நான் யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேனே" என்றாள்.

அவளே சொன்னாள். "ஊரு பேசுனதெல்லாம் அவரு தாங்கிக்கிட்டாரு. நானும் அவரைத்தான் நெனச்சேன். ஒரு வருசத்துக்கு மேல மொகத்தப் பாத்துச் சோறு போட்டதில்ல. அவருக்கு அது தெரியாது, கூலி இல்லாத கோவம்னு நெனச்சிருந்தாரு. கோர்ட்டுல நீங்க சொன்னத வந்து சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி அவரு காலப் பிடிச்சுக்கிட்டு, நானும் உன்னச் சந்தேகப்பட்டேன், மன்னிச்சுக்கன்னு சொன்னேன். 'நீயுமா'ன்னு ஒத்தச் சொல்லுதான் கேட்டாரு. விடிஞ்சு பாத்தா ஆளக் காணும்."

இன்றோடு பத்தொன்பது நாள். உன் மாமா ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு அப்போதே தேடக் கிளம்பினார். நாகூர் தர்காவில் பார்த்தார், இல்லை. இன்றைக்குத் திருப்பனந்தாள் பக்கம் போயிருக்கிறார், அறுவடைக்கு ஆள் கேட்கிற ஊர்களாகப் பார்த்து வருகிறார். நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் பொன்னுத்தாயோடு நடவு வயலில் களை எடுக்கிறேன். அவள் கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை.

கும்பகோணம் கடைத்தெருவில் எங்கேயாவது செல்லதுரையைக் கண்டால் விட்டுவிடாதே. கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ச் சோறு போடு. நீ யாருடைய தம்பி என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு போடு.

உன் அக்கா,
தங்கம்மாள்